தோட்டத்து மக்களைப் பற்றி நாடாளுமன்றம் எந்தெந்த ஆண்டில் பேசியது? தரவுத்தளம் ஒன்று கட்டுகிறேன், உதவி தேவை

பெர்ஜுந்தைப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. 2007-ல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் பெர்ஜுந்தைதான். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தேன், இப்போது ஷா ஆலாமில் கணக்கு வேலை.

தேர்தல் வரும்போதெல்லாம் ஊருக்கு வருகிறவர்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "தோட்டத் தொழிலாளர் பிரச்சினையை நாங்கள்தான் நாடாளுமன்றத்தில் எழுப்பினோம்." எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். யார், எந்த ஆண்டில், எத்தனை முறை, எதைப் பற்றி எழுப்பினார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கணக்கு வேலை பார்ப்பவளுக்கு இது பொறுக்கவில்லை. பேரேடு இருந்தால் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாமே.

மக்களவை 1959-ல் முதன்முதலாகக் கூடியதிலிருந்து ஹன்சார்ட், அதாவது சபைப் பேச்சின் பதிவு, எல்லாம் நாடாளுமன்ற இணையத்தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கிறது. நான்கு மாதமாக இரவில் உட்கார்ந்து இறக்கினேன். அப்புறம் தோட்டத்துக்கான மலாய்ச் சொல்லான 'லாடாங்' என்று தேடி, வந்த ஒவ்வொரு பத்தியையும் எக்செல்லில் ஒரு வரிசையாகப் போட்டேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

'லாடாங்' என்று தேடினால் ஆடு மாடு வளர்க்கும் பண்ணை வருகிறது. அண்மைய ஆண்டுகளில் சூரிய மின்சாரப் பண்ணைகூட வருகிறது, அதற்கும் 'லாடாங் சோலார்' என்றுதான் பெயர். தோட்ட அமைச்சின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதால் அமைச்சரை விளித்தாலே ஒரு வரிசை கூடுகிறது. மறுபக்கம், நம் மக்களின் பிரச்சினையைப் பேசிய பல பத்திகளில் 'லாடாங்' என்ற சொல்லே இல்லை. 'வீடு', 'அடையாள அட்டை', 'தமிழ்ப்பள்ளி' என்று வேறு வாசல் வழியாக வருகின்றன.

ஆக என் எக்செல்லில் தேவையில்லாதது நிறைந்திருக்கிறது, தேவையானது விடுபட்டிருக்கிறது. இதற்கு முறையான வழி இருக்கிறதா? படித்தவர்கள், தோட்டத்தில் இருந்தவர்கள், யார் சொன்னாலும் சரி.


குறியீட்டாளன் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் கோலாலம்பூரில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் தேடும் வழி இருக்கிறது.

அமெரிக்காவில் ஃபிராங்க் பாம்கார்ட்னர், பிரையன் ஜோன்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணைகள், நிறைவேறிய சட்டங்கள், அதிபர் உரைகள், நாளிதழ்ச் செய்திகளில் ஒரு மாதிரி, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரே தலைப்புப் பட்டியலிலிருந்து ஓர் எண் கொடுத்தார்கள். எந்த ஆண்டில் அரசின் கவனம் எதன் மேல் இருந்தது, எதிலிருந்து விலகியது என்பதை அந்த எண்களை வைத்தே வரைந்து பார்க்கலாம். பிறகு டென்மார்க், பெல்ஜியம், ஸ்பெயின், ஹங்கேரி என்று பல நாடுகளும் அதே பட்டியலைக் கையில் எடுத்தன. பிரிட்டனில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்து மன்னர் படிக்கும் உரையை 1911-லிருந்து வாக்கியம் வாக்கியமாகக் குறியிட்டிருக்கிறார்கள். நம் மாமன்னர் உரைக்கும் இதைச் செய்யலாம்.

பட்டியலில் 21 பெருந்தலைப்புகள். பொருளாதாரம் 1, குடிமை உரிமை 2, சுகாதாரம் 3, விவசாயம் 4, தொழிலாளர் 5, கல்வி 6, குடிநுழைவு 9, சமூகநலம் 13, வீடமைப்பு 14, பொது நிலம் 21, இப்படிப் போகும். எண் 23 வரை ஓடும், நடுவில் 11-ம் 22-ம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உட்தலைப்புகள் உண்டு, எல்லாம் சேர்த்து 200-க்கு மேல்.

முக்கியமான விதி இரண்டுதான். ஒன்று, சொல்லைப் பார்க்காதே, பிரச்சினையைப் பார். 'லாடாங்' இருக்கிறதா என்பது கேள்வியில்லை, பேசுகிறவர் எந்தச் சிக்கலைத் தீர்க்கச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி. இரண்டாவது, தலைப்பின் பொருள் காலத்துக்குக் காலம் மாறக்கூடாது. 1962-ல் 14 என்றால் எதுவோ 2022-லும் 14 அதுவேதான். அமைச்சின் பெயர் மாறும், திட்டத்தின் பெயர் மாறும், எண் மாறாது.

இது ஏன் முக்கியம் என்று நம் நாட்டு உதாரணத்தோடு சொல்கிறேன். தொழிலாளர் அமைச்சு 1990-ல் மனிதவள அமைச்சு ஆனது. ரப்பரையும் செம்பனையையும் பார்த்துக்கொண்ட மூலத்தொழில் அமைச்சு 2004-ல் தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சு ஆனது, 2018-ல் பழையபடி மூலத்தொழில், 2020-ல் மறுபடி தோட்டத் தொழில். இந்திய சமுதாயத்துக்கான அரசு அமைப்பான செடிக் 2018-ல் மித்ரா ஆனது, அதற்கப்புறம் பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே மாறி மாறிப் போனது. அமைச்சின் பெயரை வைத்துத் தரவைக் கட்டினால் ஒவ்வொரு பெயர் மாற்றத்திலும் நூல் அறுந்துவிடும், பழைய பிரச்சினை புதிதாய்ப் பிறந்த மாதிரித் தெரியும்.


செம்பனைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நல்ல முயற்சி, குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பேசியதை எண்ணி என்ன பயன்? இந்த வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக், வீடு கேட்டு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். எத்தனை பேர் எத்தனை முறை பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், நானே மகஜரில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுத் திட்டத்துக்கு நிதி என்று அறிவிப்பு 2024-ல்தான் வந்தது. பேச்சு அல்ல, ஒதுக்கீடுதான் கணக்கு.


பெர்ஜுந்தைப் பெண் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான். அதனால்தான் பேச்சையும் ஒதுக்கீட்டையும் தனித்தனி அட்டவணையில் வைக்க நினைக்கிறேன். பேச்சு ஒரு அட்டவணை, வரவுசெலவுத் திட்ட உரை ஒரு அட்டவணை, ஐந்தாண்டுத் திட்டம் ஒரு அட்டவணை, அரசு வார்த்தா (அரசிதழ்) ஒரு அட்டவணை. எல்லாவற்றுக்கும் அதே தலைப்பு எண்.

அப்போதுதான் நீங்கள் கேட்பதற்கே விடை கிடைக்கும்: 14 என்ற எண் கேள்வி நேரத்தில் முதலில் எப்போது வந்தது, பட்ஜெட் உரைக்குள் எப்போது நுழைந்தது, நடுவில் எத்தனை வருடம். அந்த இடைவெளியை யாரும் மறுக்க முடியாதபடி காட்ட வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்ட மகஜரின் தேதி இருந்தால் அதையும் தாருங்கள், மக்கள் கேட்ட நாள் என்று தனி அட்டவணை தொடங்குகிறேன்.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

மகளுக்கு வாழ்த்து. 31 வருடம் மூன்று தோட்டங்களில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவன் நான். செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிப் பழகிய கைக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. பெயர் விஷயத்தில் இரண்டு மூன்று செய்தி சொல்கிறேன்.

தோட்டத்துக்குப் பெயர் ஒன்றல்ல. பதிவில் ஆங்கிலப் பெயர் இருக்கும். தொழிலாளர்கள் தமிழில் வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், பழைய துரையின் பெயரோ, ஆற்றோரம், மேட்டு லயம் என்று இடத்தின் அடையாளமோ. முதலாளி மாறினால் பலகையும் மாறும். 1981 செப்டம்பரில் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை வாங்கியது. 2007-ல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) நின்றவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை, ஆனால் தாளில் தோட்டத்தின் உரிமையாளர் இரண்டு தடவை மாறிவிட்டார். இந்த ஊர்ப் பெயரே மாறிவிட்டதே. நாடாளுமன்றக் கேள்வியில் 2006-ல் ஒரு பெயரும் 2008-ல் இன்னொரு பெயரும் இருந்தால் உங்கள் கணினிக்கு இரண்டும் ஒன்று என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கீழ் எல்லாப் பெயர்களையும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்று. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பெரிய பிரச்சினை தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்க, வாங்கியவர்கள் பத்துப் பத்து ஏக்கராய் வெட்டி விற்க, நம் ஆட்களுக்கு வேலையும் போயிற்று, லயமும் போயிற்று. துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே இதனால்தான், தொழிலாளியின் பணத்தைச் சேர்த்துத் தோட்டத்தைத் தொழிலாளிக்கே வாங்க. அப்போதைய சபைப் பேச்சை 'லாடாங்' என்று தேடினால் அகப்படாது. ஆங்கிலத்தில் 'சப்டிவிஷன்', 'ஃபிராக்மென்டேஷன்' என்று பேசியிருப்பார்கள்.

பழைய மலாய் எழுத்தையும் கவனியுங்கள். 1972-ல் எழுத்துமுறை மாறியது. அதற்கு முன் தொழிலாளி 'பூரோ', பின்னால் 'பூரு'. நாம் எழுதும்போது சிறு வித்தியாசம், தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு சொல்.


எஸ்கியூஎல் தம்பி எழுதியது:

கிராணி ஐயா சொன்ன இட எண் யோசனை அருமை, தரவுத்தளக்காரர்கள் அதைத்தான் செய்வோம். அக்கா, எக்செல்லை விட்டுவிட்டு எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு வாருங்கள். இலவசம், ஒரே கோப்பு, ஊருக்கு பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஆவணம் ஒரு அட்டவணை, பத்தி ஒரு அட்டவணை, இடம் ஒன்று, இடப்பெயர் ஒன்று, தலைப்பு எண் ஒன்று. ஒரு பத்திக்கு யார் எண் கொடுத்தார்கள், எந்தத் தேதியில் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வரும்போது அது காப்பாற்றும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. எண்ணிக்கையை மட்டும் வரையாதீர்கள். சபை ஒரு வருடம் நிறைய நாள் கூடும், இன்னொரு வருடம் கொஞ்சம். தோட்டக் கேள்வி ஒரு வருடம் இருபது, மறுவருடம் பத்து என்றால் கவனம் பாதியானதாக அர்த்தமில்லை, சபையே பாதி நாள்தான் கூடியிருக்கலாம். மொத்தக் கேள்விகளில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அதற்கு நமக்குத் தேவையில்லாத கேள்விகளையும் எண்ண வேண்டும். சலிப்பான வேலை, வேறு வழியில்லை.

நேரம் போதாமல் சபையில் எட்டாத வாய்மொழிக் கேள்விகளுக்கு எழுத்தில்தான் பதில் தருவார்கள். அன்றைய ஹன்சார்டின் பேச்சுப் பகுதியை மட்டும் எடுத்தால் அவை விழுந்துவிடும். கேள்விப் பட்டியலையும் பதில் கோப்புகளையும் தனியாக இறக்குங்கள். சின்னத் தொகுதிக்காரரின் கேள்வி பட்டியலில் கடைசியில் இருந்தது என்பதற்காக அது கேட்கப்படாத கேள்வி ஆகிவிடக்கூடாது.


தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 18 வருடம் வேலை செய்தவள். குறியீட்டாளன் தம்பியிடம் ஒரு சந்தேகம். ஒரு பத்திக்கு ஓர் எண்தான் என்றால், எங்கள் பள்ளியை எங்கே வைப்பீர்கள்?

தோட்டத்துப் பள்ளிகள் பல கம்பெனி நிலத்தில் நிற்பவை. நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தரும், கட்டடத்துக்கு முழு மானியம் கிடையாது. நான் வேலை செய்த ஒரு பள்ளியில் கூரை ஒழுகி மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் கல்வித் துறைக்கு எழுதினால் "நில உரிமையாளரைக் கேளுங்கள்" என்று பதில், நில உரிமையாளரைக் கேட்டால் "பள்ளிக்கூடம் அரசாங்கப் பொறுப்பு" என்று பதில். இது கல்வியா, நிலமா, வீடமைப்பா? 6 என்று போட்டால் நாட்டிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடக் கேள்விகளோடும் கலந்து மறைந்துபோகும்.


குறியீட்டாளன் எழுதியது:

டீச்சர், நீங்கள் தொட்டது இந்த முறையின் உண்மையான வலி. ஒரே எண் என்பதால்தான் கூட்டினால் நூறு வரும், ஆண்டுகளை ஒப்பிட முடியும். ஆனால் தோட்டம் என்பது ஒரு துறை இல்லை, வாழ்க்கை. வேலை கொடுப்பவரே வீடு கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) நடத்தினார், பள்ளிக்கு இடம் விட்டார், சுடுகாட்டுக்கும் இடம் விட்டார். அரசாங்கத்தின் பட்டியலில் இதெல்லாம் ஐந்தாறு அமைச்சுகள். வேறு நாட்டு நகரங்களை மனதில் வைத்துச் செய்த பட்டியலில் நம் மக்கள் 4, 5, 6, 14, 21 என்று சிதறிப்போவார்கள். ஒவ்வொரு தலைப்பிலும் அவர்கள் பங்கு மிகச் சிறியதாகத் தெரியும், அவர்களுக்கென்று பிரச்சினையே இல்லாத மாதிரி.

தலைப்பு எண்ணை மாற்றாமலே இதற்கு வழி செய்யலாம். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை வையுங்கள்: 'தோட்டம்', ஆம் அல்லது இல்லை. மூலத் திட்டத்திலும் இப்படி ஆம்/இல்லை வடிகட்டிகளைத் தலைப்போடு சேர்த்து வைப்பார்கள். அப்போது டீச்சரின் பள்ளி 6 என்றே இருக்கும், தோட்டம் 'ஆம்' என்றும் இருக்கும். ஆம் என்பதை மட்டும் இழுத்தால் சிதறியவர்கள் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள்.


தமிழ்ப்பள்ளி டீச்சர் எழுதியது:

'யார் பதில் சொன்னார்' என்றும் ஒரு நெடுவரிசை வையுங்கள் தம்பி. ஒரே பள்ளிக்கு எத்தனை அமைச்சுகள் மாறி மாறிப் பதில் சொல்லியிருக்கின்றன என்று தெரியட்டும்.


ரஜூலா பேரன் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன். எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் வருகிறேன்.

என் தாத்தா இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் 1930-களிலிருந்து பால்மரம் வெட்டியவர். அவருக்கு இருந்தது குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்லி அப்போது தோட்டத்தில் யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி 1969-ல் நடைமுறைக்கு வந்தது. குடிமகன் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் இருந்தால்தான் வேலை. தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்துக்குப் போனார். பாட்டியும் என் அப்பாவும் இங்கே நின்றுவிட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. இப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

அக்கா, உங்கள் தரவுத்தளத்தில் 1969, 1970 ஆண்டுகளில் என்ன இருக்கிறது?


பெர்ஜுந்தைப் பெண் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் கோப்பைத் திறந்து பார்த்தேன். 1969-ல் தேர்தலுக்காகச் சபை கலைக்கப்பட்ட பிறகு ஒன்றும் இல்லை. 1970-ல் ஒரு வரிசைகூட இல்லை. 1971 பிப்ரவரியில்தான் மறுபடி தொடங்குகிறது.

இறக்கும்போது கோப்பு விடுபட்டது என்று நினைத்து அப்படியே விட்டிருந்தேன். விடுபடவில்லை. மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, தேசிய நடவடிக்கை மன்றம் ஆண்ட காலம் அது. பெர்மிட் இல்லாமல் மக்கள் கப்பலேறிய அந்த மாதங்களில் அவர்களைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு சபையே இல்லை. நான் வரைந்த கோட்டில் அந்த இடம் சுழியில் கிடந்தது, தோட்டத்தில் பிரச்சினையே இல்லாத அமைதியான ஆண்டுகள் மாதிரி.

இதை எப்படிப் பதிவது என்று சொல்லுங்கள். சுழி என்று விட எனக்கு மனம் வரவில்லை.


எஸ்கியூஎல் தம்பி எழுதியது:

விடக்கூடாது அக்கா. சுழி வேறு, வெற்று வேறு. சபை கூடி யாரும் கேட்கவில்லை என்றால் 0. சபையே கூடவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுத வேண்டும். சபை கூடிய நாட்களுக்கென்று தனி அட்டவணை செய்து இணைத்துவிட்டால், கூடாத காலத்தில் கோடு தானாகவே உடைந்து காட்டும். 2021-ல் அவசரகாலத்தின்போதும் இப்படித்தான், ஜனவரியிலிருந்து ஜூலைக் கடைசி வரை சபை கூடவில்லை. விடுதிகளிலும் தோட்டங்களிலும் கோவிட் பரவிய நேரம் அது.

அந்தக் காலத்துக்கு வேறு ஆவணத்தை வைத்து நிரப்பப் பாருங்கள். சபை மூடியிருந்தாலும் அரசு வார்த்தா வெளிவந்தது, நாளிதழும் வந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசு பழைய இதழ்கள் படிக்கக் கிடைக்கின்றன.


குறியீட்டாளன் எழுதியது:

சிவப்பு அட்டைக் கேள்விக்கு எந்த எண் என்று என்னைக் கேட்டால் 9, குடிநுழைவும் குடியுரிமையும். ஆனால் இதில் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்கர்கள் முதலில் செய்த பட்டியலில் குடிநுழைவு தனித் தலைப்பாகவே இல்லை. தொழிலாளர் தலைப்புக்குள் 530 என்ற உட்தலைப்பாக இருந்தது. பல நாடுகள் சேர்ந்த பிறகுதான் அதைப் பிரித்து 9 ஆக்கினார்கள். பிரித்ததும், பழைய ஆண்டுகளின் வரிசைகளையும் புது எண்ணுக்கு மாற்றினார்கள். அப்படிப் பின்னோக்கி மாற்றாவிட்டால், பட்டியல் மாறிய ஆண்டில் திடீரென்று குடிநுழைவுப் பேச்சு கிளம்பிய மாதிரிப் பொய்யாகத் தெரியும்.

ரஜூலா பேரனின் தாத்தாவுக்கு 5-ம் 9-ம் ஒரே விஷயம்தான். அட்டை சிவப்பு, அதனால் வேலை இல்லை. முதல் எண் 9 வைத்து, குறிப்பில் 5 என்று எழுதுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் விதிப்புத்தகத்தில் எழுதி வையுங்கள், நாளைக்கு வேறொருவர் அதே மாதிரிச் செய்ய வேண்டும்.

இன்னொரு செய்தி. ஹங்கேரி ஆய்வாளர்கள் இந்தத் தலைப்பு எண்களைத் தானாகவே இடும் மொழிமாதிரிக் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே மலேசியத் தேசியப் பல்கலைக்கழக (யூகேஎம்) ஆய்வாளர்கள் மலேசிய ஹன்சார்டைத் தேடக்கூடிய சொல்தொகுப்பாகக் கட்டியிருக்கிறார்கள். இயந்திரம் முதல் சல்லடையாக இருக்கட்டும். ஆனால் பழைய எழுத்துமுறை, ஸ்கேன் செய்யும்போது கெட்டுப்போன எழுத்து, ஒரே பேச்சில் மலாயும் ஆங்கிலமும் கலப்பது, இதெல்லாம் 60-களில் நிறைய. அந்தப் பகுதியைக் கண்ணால் படித்தே ஆக வேண்டும்.


செம்பனைக்காரன் எழுதியது:

முதலில் பேச்சை எண்ணி என்ன பயன் என்று கேட்டேன். இப்போது நானே ஒரு வரிசை கொண்டுவந்திருக்கிறேன்.

குறைந்தபட்ச சம்பளம். 2011-ல் சட்டம், 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2016-ல் 1,000. 2019-ல் 1,100. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 என்று உயர்த்தினார்கள், மற்ற இடங்களில் 1,100-தான். தோட்டம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மற்ற இடத்தில். 2022 மே மாதத்தில் 1,500 ஆனபோதுதான் அந்தக் கோடு அழிந்தது. இப்போது 2025-லிருந்து 1,700.

நான் சொல்ல வருவது, 2020 உத்தரவில் 'தோட்டம்' என்ற சொல்லே தேவைப்படவில்லை. மாநகர், நகராண்மைக் கழகங்களின் பட்டியல் மட்டும் போதும், அதில் இல்லாத இடம் எல்லாம் 1,100. கொட்டகையில் என் பக்கத்தில் குலை ஏற்றியவனுக்கு அந்த நூறு வெள்ளி பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் காசு. பிரச்சினையைப் பார், சொல்லைப் பார்க்காதே என்று தம்பி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதற்கு 5, தோட்டம் 'ஆம்' என்று போடுங்கள்.

வீட்டுச் சட்டமும் அப்படித்தான். 1966-ல் ஒன்று, அப்புறம் 1990-ல் 446-ஆம் சட்டம், தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டும். 2019-ல் திருத்தி எல்லாத் துறைக்கும் விரித்தார்கள், 2020 ஜூனில் நடைமுறை. அதற்குப் பின் 446 என்று தேடினால் தொழிற்சாலை விடுதிகளும் கூடவே வரும். சட்ட எண் அதேதான், அதற்குள் இருக்கும் ஆட்கள் வேறு.


பெர்ஜுந்தைப் பெண் எழுதியது:

அண்ணே, இதை வார்த்தா அட்டவணையின் முதல் வரிசைகளாகச் சேர்த்துவிட்டேன். மனமார்ந்த நன்றி.

இரண்டு வாரமாக நடந்ததைச் சொல்கிறேன். கிராணி ஐயாவும் நானும் ஒரே நூறு பத்திகளை எடுத்து, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் எண் கொடுத்தோம். பெருந்தலைப்பு அளவில் 90 விழுக்காடாவது ஒத்துப்போக வேண்டும் என்று குறியீட்டாளன் தம்பி சொல்லியிருந்தார். முதல் சுற்றில் அதற்கு எட்டவே இல்லை. வேறுபட்ட இடங்களை எடுத்து உட்கார்ந்து பேசினோம். சுவாரசியம் என்னவென்றால், பெரும்பாலும் ஒரே மாதிரிப் பத்திகளில்தான் பிரிந்தோம்: தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்யச் சொன்ன சம்பவங்கள். நான் 14 போட்டேன், வீடு போகிறதே என்று. ஐயா 5 போட்டார். "வேலை முடிந்ததால்தான் வீடு போகிறது மகளே, வீடு சம்பளத்தின் ஒரு பகுதி" என்றார். 31 வருடம் செக்ரோல் எழுதியவர் சொல்வதை நான் எப்படித் தள்ளுவது? ஆனால் கேள்வி கேட்ட உறுப்பினர் மாற்று வீடு வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார், நஷ்டஈடு என்று கேட்கவில்லை.

கடைசியில் விதிப்புத்தகத்தில் இப்படி எழுதினோம்: என்ன இழந்தார்கள் என்று பார்க்காமல், அரசிடம் என்ன கேட்டார்கள் என்று பார். மாற்று வீடு கேட்டால் 14. நஷ்டஈடு, வேலைநீக்கச் சலுகை கேட்டால் 5. இரண்டும் கேட்டால் முதலில் கேட்டது. இரண்டாம் சுற்று எவ்வளவோ மேல்.

சபை கூடிய நாள் அட்டவணையும் செய்தாகிவிட்டது. 1969, 1970 கட்டங்களைத் திருத்திவிட்டேன்.


ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

விதி சரியாக இருக்கிறது மகளே, ஒப்புக்கொள்கிறேன். காலி செய்யச் சொன்ன கடிதங்களின் நகல் சில என்னிடம் உள்ளன, 80-களில் வந்தவை. பழைய தமிழ் நேசன் வெட்டுத்தாள்களும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பேப்பர் 2019-ல் நின்றுபோனதிலிருந்து அந்தப் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. தேதி எல்லாவற்றிலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். ஸ்கேனர் இருக்கிறதா?


பெர்ஜுந்தைப் பெண் எழுதியது:

இருக்கிறது ஐயா, ஆனால் பெரிய தாள் அதில் அடங்காது. கைபேசியில் படம் எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு கோயில் மண்டபத்தில் மேசை கேட்டு வைத்திருக்கிறேன். டீச்சரும் வருகிறார். ரஜூலா பேரன் தம்பி, தாத்தாவின் அட்டையோ பெர்மிட் மறுப்புக் கடிதமோ வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். பெயர் எதுவும் தரவில் ஏற்றமாட்டோம், தேதியும் தோட்டமும் மட்டும்தான்.


ரஜூலா பேரன் எழுதியது:

கடிதம் இருக்கிறது. பாட்டி பூசையறையில் வைத்திருந்தார். கொண்டுவருகிறேன்.